அமெரிக்காவில் வீடு வாங்கும்போது: அந்த வீடு உண்மையில் எத்தனை நாளாக விற்பனையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

நியூ ஜெர்சியின் எடிசனிலோ டெக்சஸின் ஃப்ரிஸ்கோவிலோ வீடு தேடுகிறவர் முதலில் பார்ப்பது விலையை. அடுத்துப் பார்ப்பது, வீடு சந்தைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை. 5 நாள் என்றால் அவசரப்பட்டு ஆஃபர் போடுவார். 95 நாள் என்றால் குறைத்துக் கேட்பார். ஒரே வீட்டுக்கு இந்த இரண்டு எண்ணும் ஒரே சமயத்தில் இருக்க முடியும், இரண்டும் விதிப்படி சரியாகவும் இருக்க முடியும். அதனால் திரையில் தெரியும் நாள் கணக்கை வைத்துப் பேரத்தில் இறங்கக் கூடாது. தேதிகளை வரிசையாக எழுதி நீங்களே கணக்கெடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இது ஒரு மணி நேர வேலைதான்.

எண் எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் வீடுகள் எம்.எல்.எஸ். (மல்ட்டிபிள் லிஸ்டிங் சர்வீஸ்) என்ற வட்டாரப் பட்டியல்களில் பதிவாகின்றன. நாடு முழுவதற்கும் ஒரே எம்.எல்.எஸ். கிடையாது, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஹூஸ்டனில் எச்.ஏ.ஆர்., சிலிக்கான் வேலியில் எம்.எல்.எஸ். லிஸ்டிங்ஸ், பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா வரை பிரைட் எம்.எல்.எஸ். ஒவ்வொன்றுக்கும் தனி விதிப்புத்தகம். நாள் எண்ணும் முறையும் அந்த விதிப்புத்தகத்தைப் பொறுத்து மாறும்.

ஏஜென்ட்டுகளின் திரையில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று டி.ஓ.எம்., அதாவது சந்தையில் இருந்த நாள். இது லிஸ்டிங் எண்ணோடு, அதாவது அந்த விற்பனைப் பதிவின் எண்ணோடு, ஒட்டியது. லிஸ்டிங் எண் மாறினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மற்றொன்று சி.டி.ஓ.எம்., அதாவது மொத்தக் கணக்கு. இது வீட்டோடு ஒட்டியது. ஏஜென்ட் மாறினாலும் லிஸ்டிங் எண் மாறினாலும் தொடர்ந்து ஓடும். ஆனால் வீடு குறிப்பிட்ட காலம் சந்தையை விட்டு விலகியிருந்தால் இதுவும் பூஜ்யமாகிவிடும். அந்தக் காலம் ஓரிடத்தில் 30 நாள், ஓரிடத்தில் 60, ஓரிடத்தில் 90. உங்கள் பகுதியில் எத்தனை நாள் என்று உங்கள் ஏஜென்ட்டிடம் முதல் நாளே கேட்டுக் குறித்து வையுங்கள். பின்னால் வரும் கணக்குக்கெல்லாம் இது வேண்டும்.

ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற தளங்களில் தெரிவது மூன்றாவது கணக்கு. இப்போதைய லிஸ்டிங் அந்தத் தளத்துக்கு வந்து எத்தனை நாள் என்பதுதான் அது. மொத்தக் கணக்கான சி.டி.ஓ.எம்.மை இவை பொதுவாக முன்பக்கத்தில் காட்டுவதில்லை.

கணக்கு மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாசசூசெட்ஸ் நல்ல சான்று. 2006 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் எம்.எல்.எஸ்., லிஸ்டிங்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டு நாள் கணக்கைப் பூஜ்யமாக்கும் பழக்கத்தைத் தடை செய்தது. பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில் அப்படி ஒரு தடை வரவில்லை. இரண்டு மாநிலங்களையும் ஒப்பிட்ட பொருளாதார ஆய்வு ஒன்று, தடையால் பாதிக்கப்பட்ட மாசசூசெட்ஸ் வீடுகளின் விற்பனை விலை சராசரியாக 16,000 டாலர் குறைந்ததாகக் கண்டது. வீட்டில் எதுவும் மாறவில்லை, வாங்குபவருக்குத் தெரிந்த தகவல்தான் மாறியது. தடைக்கு முன்பு அந்தத் தொகையை யார் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நாள் எப்படிக் கரைகிறது

தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். கீழே உள்ளவற்றில் பாதி முழுக்க நேர்மையான காரணங்களாலும் நடக்கும். எல்லாவற்றையும் மோசடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மிகச் சாதாரணமானது, ரத்து செய்துவிட்டு மறுபடி போடுவது. பழைய லிஸ்டிங் 'கேன்சல்ட்' ஆகும், சில நாளில் புதுப் படங்களோடு புது எண் வரும். தளங்களில் அது 'புதிய வீடு' என்ற பட்டையோடு தோன்றும். தேடலைச் சேமித்து வைத்திருக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சலும் போகும். அந்த மின்னஞ்சலுக்காகவே இதைச் செய்கிறவர்கள் உண்டு.

அடுத்தது நிலை மாற்றம். 'கமிங் சூன்' (விரைவில் வரும்) நிலையில் பெரும்பாலான எம்.எல்.எஸ்.களில் நாள் ஓடாது. 'டெம்பரரிலி ஆஃப் மார்க்கெட்' (தற்காலிக நிறுத்தம்) நிலையிலும் ஓடாது. 'பெண்டிங்' ஆனால், அதாவது ஒப்பந்தமாகி விற்பனை முடிவதற்குக் காத்திருந்தால், பல இடங்களில் நின்றுவிடும், சில இடங்களில் ஓடும். 40 நாள் பெண்டிங்கில் இருந்து ஒப்பந்தம் முறிந்து திரும்பிய வீடு, அந்த 40 நாளைக் கணக்கில் காட்டாமலே நிற்கலாம்.

மூன்றாவது, எம்.எல்.எஸ்.ஸுக்கு வெளியே நடக்கும் விற்பனை முயற்சி. அமெரிக்க ரியல்டர்கள் சங்கமான என்.ஏ.ஆர். 2020-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, ஒரு வீட்டைப் பொதுவெளியில் விளம்பரப்படுத்தினால் ஒரு வேலை நாளுக்குள் அதை எம்.எல்.எஸ்.ஸில் ஏற்ற வேண்டும். ஆனால் ஒரே புரோக்கரேஜின் (ஏஜென்ட்டுகள் வேலை செய்யும் நிறுவனத்தின்) உள்ளே மட்டும் சுற்றும் 'ஆஃபீஸ் எக்ஸ்க்ளூசிவ்' வீடுகளுக்கு இதில் விலக்கு உண்டு. 2025 மார்ச்சில் இதோடு இன்னொரு வழியும் சேர்ந்தது: விற்பவர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், வீடு எம்.எல்.எஸ்.ஸில் இருந்தும் ஜில்லோ போன்ற தளங்களுக்குச் சில காலம் போகாமல் வைக்கலாம். விற்பவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டால், இதை ஆதரிக்கும் பெரிய புரோக்கரேஜ்கள் ஒளிக்காமலே சொல்கின்றன: நாள் கணக்கும் விலைக் குறைப்பும் பதிவாகாமல் விலையைச் சோதித்துப் பார்க்கலாம். விற்பவர் பக்கம் இருந்து பார்த்தால் நியாயமான ஆசைதான். வாங்குகிற உங்களுக்கு அது இருட்டு.

நான்காவது, பதிவுப் பிசகு. எம்.எல்.எஸ். மென்பொருள் பழைய லிஸ்டிங்கையும் புதியதையும் இணைப்பது முகவரியையும் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வரித்துறை அந்த நிலத்துக்குத் தரும் பார்சல் எண்ணையும் வைத்துத்தான். பார்சல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலோ, கான்டோவின் (அடுக்குமாடி வீட்டின்) யூனிட் எண் வேறு மாதிரி எழுதப்பட்டாலோ, தனி வீடு என்றிருந்தது 'மல்ட்டி ஃபேமிலி' (பல குடும்ப வீடு) ஆனாலோ இணைப்பு அறுந்துவிடும். மொத்தக் கணக்கும் பூஜ்யமாகும். இது வேண்டுமென்றும் நடக்கும், கைத்தவறாலும் நடக்கும்.

நியூ ஜெர்சியில் இன்னொன்று சேரும். மாநிலத்துக்குள்ளேயே பல எம்.எல்.எஸ்.கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மிடில்செக்ஸ் கவுண்டி வீடு முதலில் சென்ட்ரல் ஜெர்சி பட்டியலில் வந்து, சில வாரம் கழித்துக் கார்டன் ஸ்டேட் பட்டியலிலும் வரலாம். இரண்டாவது பட்டியலில் நாள் புதிதாகத் தொடங்கும். இரண்டிலும் உறுப்பினராக இல்லாத ஏஜென்ட்டுக்குப் பாதி வரலாறுதான் தெரியும்.

படி 1: விலை வரலாற்றை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்

ஜில்லோ, ரெட்ஃபின், ரியல்டர் டாட் காம் மூன்றிலும் வீட்டின் பக்கத்தைத் திறந்து, கீழே போய், விலை வரலாறு பகுதியை விரியுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு தளத்தில் விடுபட்ட வரி இன்னொன்றில் இருக்கும்.

ஒரு விரிதாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: தேதி, நிகழ்வு, விலை, லிஸ்டிங் எண், எந்தத் தளம். லிஸ்டிங் எண் பக்கத்தின் அடியில், லிஸ்டிங் புரோக்கரேஜின் பெயருக்கு அருகில் இருக்கும். 'விற்பனைக்கு வந்தது', 'விலை மாற்றம்', 'பெண்டிங்', 'லிஸ்டிங் நீக்கம்' என்று ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். வாடகைக்குப் போட்ட வரிகளையும் விடாதீர்கள். விற்பனையிலிருந்து நீக்கிய மறுவாரம் வாடகைக்குப் போட்டு, ஆறு மாதத்தில் மறுபடி விற்பனைக்கு வந்திருந்தால், அது விற்க முடியாமல் வாடகைக்கு விட்ட வீடு.

இரண்டு எச்சரிக்கை. டெக்சஸில் விற்பனை விலை பொதுப் பதிவல்ல. அங்கே 'விற்றது' என்ற வரியில் விலை இல்லாமல் இருப்பது இயல்பு. அடுத்து, பழைய படங்கள் காணாமல் போயிருப்பதும் இயல்புதான். வீட்டைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட உரிமையாளர், வீடு விற்பனையில் இல்லாத நாளில் படங்களை மறைக்கலாம்.

படி 2: ஏஜென்ட்டிடம் முழு வரலாற்று அறிக்கை கேளுங்கள்

உங்கள் தரப்பு ஏஜென்ட் எம்.எல்.எஸ்.ஸுக்குள் நுழைந்தால் அந்த முகவரியின் எல்லா லிஸ்டிங்குகளையும் பார்க்க முடியும். கேன்சல்ட் (ரத்து), வித்ட்ரான் (விலக்கியது), எக்ஸ்பயர்ட் (காலாவதி) ஆனவை உட்பட. இவற்றில் பல பொதுத் தளங்களில் தெரியாது. என்.ஏ.ஆர். உறுப்பினராக இருந்தால் ஆர்.பி.ஆர். என்ற சொத்துத் தகவல் கருவியும் அவருக்கு உண்டு.

'இந்த வீடு எவ்வளவு நாளா இருக்கு?' என்று கேட்டால் அவர் திரையில் உள்ள டி.ஓ.எம்.மைப் படித்துச் சொல்லிவிடுவார். கேள்வியை இப்படி அனுப்புங்கள்:

'இந்த முகவரிக்கும் இந்தப் பார்சல் எண்ணுக்கும் கடந்த 24 மாதத்தில் வந்த எல்லா லிஸ்டிங்கும், எந்த நிலையில் இருந்தாலும், நிலை மாற்றத் தேதிகளோடு பி.டி.எஃப்.ஆக வேண்டும். டி.ஓ.எம்., சி.டி.ஓ.எம். இரண்டும் தெரிய வேண்டும்.'

முகவரியை வைத்து ஒரு முறை, பார்சல் எண்ணை வைத்து ஒரு முறை என இரண்டு தேடல் கேளுங்கள். இரண்டும் வேறு முடிவு தந்தால் நான்காவதாகச் சொன்ன பதிவுப் பிசகு அங்கே இருக்கிறது. பார்சல் எண்ணைக் கவுண்டி வரித்துறைத் தளத்தில் முகவரியைப் போட்டு நீங்களே எடுக்கலாம். லிஸ்டிங்கில் உள்ளதை நம்ப வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 17-க்குப் பிறகு, எம்.எல்.எஸ். உறுப்பினரான ஏஜென்ட் உங்களை வீடு பார்க்க அழைத்துப் போகும் முன் எழுத்து ஒப்பந்தம் போட்டாக வேண்டும். அந்த ஒப்பந்தம் பேசும்போதே, பிடித்துப்போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நல்ல ஏஜென்ட்டுக்கு இது ஐந்து நிமிட வேலை. 'அதெல்லாம் முக்கியம் இல்லைங்க' என்று நழுவுகிறவர் எவ்வளவு உழைப்பார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

படி 3: எம்.எல்.எஸ்.ஸுக்கு வெளியே உள்ள தடயங்கள்

இது எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. முதல் இரண்டு படிகளில் ஏதாவது பொருந்தாமல் தெரிந்தால் மட்டும்.

கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய தேதிகளைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முற்றத்தில் விற்பனைப் பலகை நிற்கிறதா? லிஸ்டிங் படங்களில் பருவத்தைப் பாருங்கள். ஜனவரியில் 'புதிதாக' வந்த நியூ ஜெர்சி வீட்டின் படத்தில் மரமெல்லாம் பசேலென்று இருந்தால், படம் எடுத்தது கோடையில். கவுண்டி பதிவகத்தில் தற்போதைய உரிமையாளரின் பத்திரத் தேதியை எடுங்கள். வாங்கி எட்டு மாதமே ஆன வீடு என்றால் பெரும்பாலும் பழுது பார்த்து விற்கும் முதலீட்டாளர். அவருக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடுகிறது. அதே பதிவகத்தில் 'லிஸ் பெண்டன்ஸ்' என்ற வழக்கு அறிவிப்பு இருந்தால் வங்கிப் பறிமுதல் நடவடிக்கை தொடங்கியிருக்கலாம். நகராட்சியின் கட்டட அனுமதிப் பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் கேட்பதை யாரும் படியாக எழுதுவதில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டுக்காரரிடம் 'இந்தப் பலகை எப்போது வந்தது?' என்று கேட்டுப் பாருங்கள், எந்தத் தளத்திலும் இல்லாத பதில் கிடைக்கும்.

படி 4: விற்பவரின் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள்

கேள்வி உங்கள் ஏஜென்ட் வழியாக, மின்னஞ்சலில் போக வேண்டும். தொலைபேசியில் கேட்டால் பதில் காற்றோடு போகும்.

கேட்க வேண்டியவை நான்கு. கடந்த 12 மாதத்தில் இந்த வீடு வேறு லிஸ்டிங் எண்ணிலோ, வேறு புரோக்கரேஜிலோ, உரிமையாளர் நேரடியாகவோ, தனிப்பட்ட முறையிலோ விற்பனைக்குக் காட்டப்பட்டதா? முதலில் கேட்ட விலை என்ன, எந்தத் தேதியில்? எத்தனை ஒப்பந்தங்கள் முறிந்தன, ஏன்? முந்தைய இன்ஸ்பெக்ஷன் (வீட்டுப் பரிசோதனை) அறிக்கையோ அப்ரைசலோ (கடனுக்கான விலை மதிப்பீடு) விற்பவரிடம் உள்ளதா?

அவர் விற்பவருக்கு வேலை செய்கிறவர். விற்பவர் அனுமதிக்காத ரகசியத்தைச் சொல்ல மாட்டார். பதில் மறுக்க அவருக்கு இடம் உண்டு. பொய் சொல்ல இடமில்லை. என்.ஏ.ஆர். நெறிமுறையின் 2-ஆம் பிரிவு, சொத்து பற்றியும் பரிவர்த்தனை பற்றியும் முக்கியமான உண்மைகளை மறைப்பதையும் திரிப்பதையும் தடுக்கிறது. 12-ஆம் பிரிவு விளம்பரத்தில் உண்மை வேண்டும் என்கிறது. மாநில உரிமச் சட்டங்களும் தவறான தகவல் தருவதைத் தண்டிக்கின்றன. ஆகவே 'அதைப் பற்றிப் பேச முடியாது' என்று வரும் பதிலையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கணக்குப் போடுங்கள்

கற்பனையான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் 1 அன்று 7,90,000 டாலருக்கு வந்தது. ஏப்ரல் 10-இல் 7,59,000. மே 20-இல் ரத்து. ஜூன் 3-இல் புது லிஸ்டிங் எண்ணோடு 7,39,000. ஜூன் 15-இல் ஒப்பந்தம், கடைசியில் 7,30,000 டாலருக்கு விற்பனை.

திரையில் தெரியும் கணக்கு: 12 நாள்; கேட்ட விலையில் 98.8 சதவீதம் கிடைத்தது. பரபரப்பான சந்தை என்று தோன்றும்.

உண்மைக் கணக்கு: முதல் சுற்று 80 நாள், இரண்டாம் சுற்று 12 நாள், சந்தையில் இருந்தது 92 நாள். இடைவெளி 14 நாளையும் சேர்த்தால் நாட்காட்டிப்படி 106. முதலில் கேட்ட விலையில் கிடைத்தது 92.4 சதவீதம்.

எப்போதும் இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். வீட்டுக்கு எவ்வளவு கிராக்கி இருந்தது என்பதைச் சந்தையில் இருந்த நாள் காட்டும். விற்பவர் எவ்வளவு காலமாக விற்க முயல்கிறார் என்பதை நாட்காட்டி நாள் காட்டும். பேரத்தில் அவர் மனநிலை என்ன என்பதற்கு இதுவே நெருக்கமானது. பெண்டிங்கில் கழிந்த நாட்களை முதல் கணக்கில் விட்டுவிடுங்கள், இரண்டாவதில் சேருங்கள்.

முதல் விலையையும் தேடி எடுக்கச் சொல்வதற்குக் காரணம், லிஸ்டிங் எண் மாறும்போது 'ஒரிஜினல் லிஸ்ட் பிரைஸ்' பத்தியும் புதிதாகிவிடுகிறது. நாள் கணக்கு மட்டும் அழிந்தால் பரவாயில்லை. 51,000 டாலர் குறைப்பும் சேர்ந்தே அழிகிறது. உங்கள் ஏஜென்ட் 'இந்தப் பகுதியில் வீடுகள் கேட்ட விலையில் 99 சதவீதத்துக்குப் போகின்றன' என்று அட்டவணை காட்டினால், அதில் உள்ள நான்கைந்து வீடுகளுக்காவது படி 1-ஐச் செய்து பாருங்கள். அந்த 99 எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் உங்கள் ஆஃபர் விலையைத் தீர்மானிக்க வேண்டிய தகவல்.

முறிந்த ஒப்பந்தங்களை வாசிப்பது

நீண்ட நாள் என்பதைவிட, பெண்டிங் ஆகித் திரும்பி வந்தது என்ற வரி அதிகம் பேசும். எத்தனையாவது நாளில் முறிந்தது என்று பாருங்கள்.

முதல் 10 நாளுக்குள் முறிந்தால் பெரும்பாலும் இன்ஸ்பெக்ஷன், அல்லது வாங்கியவர் மனம் மாறியது. டெக்சஸில் 'ஆப்ஷன் பீரியட்' என்று சில நாள் உண்டு. அதற்குக் கட்டணம் கொடுத்தவர் காரணம் சொல்லாமலே விலகலாம். நியூ ஜெர்சியில் கையெழுத்துக்குப் பிறகு மூன்று வேலை நாள் வழக்கறிஞர் பரிசீலனை. அந்த மூன்று நாளில் முறிந்தால் அதில் படிக்க ஒன்றுமில்லை, இன்னொருவர் அதிகம் கொடுத்திருக்கலாம். மூன்று, நான்கு வாரம் கழித்து முறிந்தால் அப்ரைசல் குறைவாக வந்ததோ, கடன் கிடைக்காததோ. விற்பனை முடிவாகும் தேதியை ஒட்டி முறிந்தால் கடன் அல்லது டைட்டில் (உரிமைப் பத்திர) சிக்கல். கடன் கிடைக்காமல் போனது அந்த ஆளின் பிரச்சினை, வீட்டின் பிரச்சினை அல்ல. இன்ஸ்பெக்ஷனில் இரண்டு முறை முறிந்தால் அஸ்திவாரம், கூரை, கழிவுநீர்க் குழாய் மூன்றுக்கும் தனித்தனி நிபுணரை அழைத்துப் பாருங்கள். பொது இன்ஸ்பெக்டர் மட்டும் போதாது.

எஃப்.எச்.ஏ. (மத்திய அரசின் வீட்டுக் கடன் காப்பீட்டு அமைப்பு) கடனுக்காக எடுத்த அப்ரைசல் வாங்குபவரோடு போகாமல் வீட்டோடு 180 நாள் ஒட்டியிருக்கும். முந்தையவர் எஃப்.எச்.ஏ. கடனில் முயன்று விலை குறைவாக வந்து முறிந்திருந்தால், நீங்களும் எஃப்.எச்.ஏ.வில் போனால் அதே விலைதான் முன்னால் வந்து நிற்கக்கூடும். இதை ஆஃபர் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

நீண்ட நாள் நின்ற வீடெல்லாம் கெட்ட வீடு என்று எண்ண வேண்டாம். முதல் விலையைப் பேராசையில் வைத்தது, வாடகைக்காரர் உள்ளே இருந்ததால் பார்க்க நேரம் கிடைக்காதது, வாரிசு வழக்கு, மங்கலான படங்கள் என்று ஆயிரம் காரணம். இந்தியர்கள் அதிகம் வாங்கும் தெருக்களில் தெற்கு வாசல் வீடு கொஞ்சம் காத்திருக்கும். வாஸ்து பார்க்காதவருக்கு அது தள்ளுபடி. ஆனால் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடு என்றால் வீட்டுச் சோதனை வேறு மாதிரி இருக்க வேண்டும். புழங்காத கழிவுக் குழாய்களின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிக் கழிவு வாடை ஏறும். குளிர் மாநிலத்தில் குழாய் உறைந்து வெடித்திருக்கலாம். கடைசி ஆறு மாதத் தண்ணீர், மின் பில்களைக் கேளுங்கள், ஆள் இருந்தார்களா என்று பில்லே சொல்லும்.

அப்ரைசல் வந்தபின் ஒரு சரிபார்ப்பு

இதை ஏறக்குறைய யாரும் பயன்படுத்துவதில்லை. வழக்கமான வீட்டுக் கடனுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் அப்ரைசல் படிவம், வீட்டுக் கடன்களை வாங்கும் நிறுவனமான ஃபேனி மேயின் 1004. அதன் முதல் பகுதியிலேயே, அப்ரைசல் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் இந்த வீடு விற்பனைக்குக் காட்டப்பட்டதா, எந்த விலையில், எந்தத் தேதியில், தகவல் எங்கிருந்து என்ற கேள்வி இருக்கிறது. ஒப்பீட்டு வீடுகளின் தகவல் ஆதாரப் பத்தியில் லிஸ்டிங் எண்ணோடு டி.ஓ.எம்.மும் இருக்கும்.

கடன் தரும் நிறுவனம் இந்த அறிக்கையின் நகலை உங்களுக்குத் தந்தாக வேண்டும். முடிந்தவுடனே, அல்லது கடன் முடிவாவதற்கு மூன்று வேலை நாளுக்கு முன்னால், எது முந்தியதோ அதற்குள். வந்ததும் உங்கள் விரிதாளோடு ஒப்பிடுங்கள். அப்ரைசர் 12 நாள் லிஸ்டிங்கை மட்டும் எழுதி முந்தைய சுற்றை விட்டிருந்தால், கடன் அதிகாரி வழியாகத் திருத்தம் கேளுங்கள். நீங்கள் நேரடியாக அப்ரைசரை அழைத்து விலை பேச முயலக் கூடாது.

புதுக் கட்டட வீடுகள்

பில்டர் விற்கும் வீடுகளில் நாள் கணக்கு ஏறக்குறைய உதவாது. ஐம்பது மனை உள்ள குடியிருப்பில் நான்கைந்தை மட்டும் மாதிரியாக எம்.எல்.எஸ்.ஸில் போடுவார்கள், விற்றதும் அடுத்ததைப் போடுவார்கள். அஸ்திவாரம் போடும் முன்பே லிஸ்ட் செய்த வீடு 150 நாள் காட்டும், கட்டி முடித்து ஐந்து மாதம் காலியாகக் கிடக்கும் வீடு 3 நாள் காட்டும். இங்கே கேட்க வேண்டியது குடிபுகச் சான்றிதழின் தேதி, நகராட்சியில் கிடைக்கும். ஏ.சி., வாட்டர் ஹீட்டர் லேபிள்களில் தயாரிப்புத் தேதி இருக்கும், அதையும் படமெடுங்கள். சான்றிதழ் வந்து பல மாதம் ஆகிவிட்ட வீட்டை நிதியாண்டு முடிவதற்குள் தள்ளிவிட பில்டர் விரும்புவார். விலையைக் குறைத்தால் அக்கம்பக்க மனைகளின் விலை விழும் என்பதால், வட்டிக் குறைப்பாகவோ முடிவுச் செலவில் (குளோசிங் காஸ்ட்) உதவியாகவோ தருவார். கேட்பதையும் அப்படியே கேளுங்கள்.

நீங்கள் விற்பவராக இருந்தால்

முதலில் ஏஜென்ட்டோடு போடும் லிஸ்டிங் ஒப்பந்தத்தில், எந்த நாளில் எம்.எல்.எஸ்.ஸில் ஏறும், எந்த நாளில் நாள் கணக்கு தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள். பல இடங்களில் 'கமிங் சூன்' நிலையில் வீட்டைக் காட்டக் கூடாது. காட்டினால் நிலை 'ஆக்டிவ்' ஆக வேண்டும். பெயிண்ட் அடித்து முடியாத வீட்டை அவசரமாக ஆக்டிவ் ஆக்கி, பிறகு நாளை அழிக்க வழி தேடுவதைவிட இரண்டு வாரம் பொறுப்பது மலிவு.

வீடு நகரவில்லை என்றால் லிஸ்டிங் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு விலையையும் படங்களையும் மாற்றுங்கள். விலைக் குறைப்பு, வாங்குபவர்கள் தேடலில் வைக்கும் உச்சவரம்பைத் தாண்டும்படி இருக்க வேண்டும். 8,10,000-ஐ 8,05,000 ஆக்கினால் புதிதாக ஒருவர் கண்ணிலும் படாது. 8,00,000 ஆக்கினால் அந்த வரம்பு வைத்த எல்லோருக்கும் தெரியும். சிறிது சிறிதாக ஐந்து முறை குறைத்தால் விலை வரலாற்றில் ஐந்து வரி விழும், அது பதற்றமாகத் தெரியும். ஒரே முறை சரியாகக் குறைப்பது மேல்.

உண்மையாகவே மறுபடி போட வேண்டிய நிலை வரும்: ஏஜென்ட்டை மாற்றினீர்கள், கூரையை மாற்றினீர்கள், குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்தீர்கள். அப்போது பார்சல் எண்ணும் முகவரியும் பழையதைப் போலவே பதிவாகிறதா என்று அச்சிட்ட லிஸ்டிங்கில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் குறிப்புப் பகுதியில் பழைய லிஸ்டிங் எண்ணையும் என்ன மாறியது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்: 'முன்பு இந்த எண்ணில் இருந்தது, கூரை முழுவதும் புதிது, ரசீது இணைப்பில்.' முறிந்த ஒப்பந்தம் இருந்தால் காரணத்தையும் ஒரு வரியில். வாங்குபவரின் ஏஜென்ட் எப்படியும் வரலாற்றைத் திறப்பார். அங்கே விளக்கம் இல்லாவிட்டால் அவரே ஒன்றைக் கற்பனை செய்வார், அது உங்கள் கூரையைவிட மோசமாக இருக்கும்.

பெண்டிங் ஆனதும் நிலையை மாற்றச் சொல்லி நினைவூட்டுங்கள். விதிகளில் இதற்குக் குறுகிய கெடு உண்டு. ஏஜென்ட் சோம்பலில் விட்டால் ஒப்பந்தமாகிவிட்ட வீட்டுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். மாறாக, பக்கத்து வீட்டு லிஸ்டிங்கில் பார்சல் எண் தவறாக இருப்பதையோ நாள் கணக்கு அழிந்திருப்பதையோ கண்டால், எம்.எல்.எஸ். அலுவலகத்துக்கு விதிமீறல் புகார் அனுப்ப ஏஜென்ட்டுகளுக்கு வழி இருக்கிறது. புகாரோடு இரண்டு லிஸ்டிங் எண்களையும், கவுண்டி தளத்தின் பார்சல் பக்கத்தையும் இணைத்தால் அலுவலகம் பெரிதாக விசாரிக்க வேண்டியிருக்காது. இரண்டு பதிவையும் இணைத்ததும் மொத்தக் கணக்கு திரும்பி வரும்.